வற்றாப்பளையிலிருந்து மங்கலதேவி மலைக்கு: கண்ணகி கோட்டம் ஏற ஒரு முழுமையான வழிகாட்டி

வைகாசிப் பொங்கலுக்கு ஒருமுறையாவது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போகாத வன்னிக் குடும்பத்தைக் காண்பது கடினம். கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. அந்தக் கதையின் கடைசிப் பகுதி நடந்ததாகச் சொல்லப்படும் மலை கடலுக்கு அப்பால், தமிழ்நாடும் கேரளாவும் முட்டிக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது. பெயர் மங்கலதேவி மலை. கடல்மட்டத்திலிருந்து 1337 மீற்றர் உயரம். உச்சியில் இடிந்துபோன ஒரு கற்கோயில் நிற்கிறது. அதுதான் கண்ணகி கோட்டம்.

மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரையோரமாக மேற்கே நடந்து, மலையேறி, ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்றாள். பதினான்காம் நாள் கோவலனோடு வானேறினாள். அதைக் கண்ட குன்றக் குறவர் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்து கோயில் எழுப்பினான். சிலப்பதிகாரம் சொல்வது இது. அந்த விழாவுக்கு வந்த அரசர்களில் இலங்கைக் கயவாகுவும் ஒருவன். நம்முடைய பக்கத்திலிருந்து போன முதல் யாத்திரிகன் அவன்தான் என்று வைத்துக்கொள்ளலாம். அவனுக்கு வீசாத் தொல்லை இருந்திருக்காது.

இந்த இடம்தான் செங்குட்டுவன் கட்டிய கோட்டம் என்று 1960களில் எடுத்துக்காட்டியவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். கேரளாவில் உள்ள கொடுங்கல்லூரைக் காட்டும் அறிஞர்களும் இருக்கிறார்கள். எது சரியோ, சித்திரைப் பௌர்ணமிக்கு ஆயிரக்கணக்கில் சனம் ஏறுவது இந்த மலைக்குத்தான்.

முதலில் நாளைப் பிடியுங்கள்

இந்தக் கோயில் வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் திறக்கும், சித்திரைப் பௌர்ணமியன்று. கோயில் இரண்டு மாநிலங்களும் உரிமை கேட்கும் எல்லையில் இருக்கிறது. சுற்றிவரப் பெரியாறு புலிகள் காப்பகக் காடு. அதனால் தேனி மாவட்ட நிர்வாகமும் இடுக்கி மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே கூடிப் பேசி, அந்த ஒரு நாளுக்கு மட்டும் பாதையைத் திறக்கின்றன. ஒருநாள் பிந்திப் போனால் காட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே மற்ற எல்லாத் திட்டத்தையும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுங்கள்.

2024 இல் அது ஏப்ரல் 23. 2025 இல் மே 12. நமக்கு இதைக் கணக்கிடுவது சுலபம், ஏனென்றால் பௌர்ணமி என்றால் இங்கே போயா விடுமுறை. 2025 இல் வெசாக்கும் அதுவும் ஒரே நாளில் வந்தன. ஆனால் நாட்காட்டியை மட்டும் நம்பி ரிக்கெற் போடாதீர்கள். பௌர்ணமித் திதி இரண்டு நாளில் விழும் வருடங்கள் உண்டு. எந்த நாள் என்று தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் அறிவிப்பதுதான் முடிவு. அந்த அறிவிப்பு சில வாரங்களுக்கு முன்தான் வரும். அதனால் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் கையில் இருக்கும்படி பயணத்தை அமையுங்கள்.

காலபோக அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் காலம் இது என்பது ஒரு வசதி. சிறுபோகம் விதைத்தவர்கள் தண்ணீர் கட்டுவதற்கு ஆள் சொல்லிவிட்டு வெளிக்கிட வேண்டும்.

கடவுச்சீட்டும் வீசாவும்

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். வவுனியாவில் பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது. கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. வன்னியில் பலருக்கும் சிக்கல் கடவுச்சீட்டில் இல்லை, அதற்கு முந்திய பிறப்புச் சான்றிதழில்தான். இடப்பெயர்வில் மூலப்பிரதியைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுக்கலாம். எடுத்தவுடன் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் ஒரு விதமாகவும் மற்றதில் இன்னொரு விதமாகவும் இருந்தால் அங்கேயே திருத்திக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள். கடவுச்சீட்டு இருப்பவர்கள், இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள்.

இந்தியாவுக்கு இணையவழிச் சுற்றுலா வீசா போதும். வெள்ளைப் பின்னணியில் எடுத்த படமும், கடவுச்சீட்டின் விபரப் பக்கமும் தரவேற்ற வேண்டும். படிவத்தில் இந்தியாவில் உங்களைத் தெரிந்த ஒருவரின் பெயர், முகவரி கேட்பார்கள். சொந்தக்காரர் இல்லையென்றால் தங்கப்போகும் லொட்ஜின் பெயரைப் போடலாம். தேடும்போது முதலில் வந்து நிற்கும் தளங்களில் பாதி இடைத்தரகர்களுடையவை. அரசின் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கறப்பார்கள். இந்திய அரசின் தள முகவரி ‘கவ் டொட் இன்’ என்று முடியும். அப்படி முடியாத எதிலும் அட்டை இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். நீங்கள் இறங்கும் விமான நிலையமோ துறைமுகமோ இணைய வீசாவை ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் அதே தளத்தில் பாருங்கள். வீசா வந்ததும் கடதாசியில் அச்செடுத்து வையுங்கள். போனில் காட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம்மிடையே நிறைய. முன்பு இந்தியாவில் இருந்தீர்களா என்ற கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். அப்படியானவர்கள் இணையத்தில் போட்டுப் பார்ப்பதை விட, யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் என்ன பத்திரம் தேவை என்று முதலில் விசாரிப்பது நல்லது. பணம் கட்டிய பிறகு மறுக்கப்பட்டால் அந்தக் காசு திரும்பாது.

எந்த வழியாகக் கடல் கடப்பது

கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரருக்குக் கட்டுநாயக்காவை விடப் பலாலி எவ்வளவோ கிட்ட. முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வந்து ஏ9 பிடித்தால், ஆனையிறவு தாண்டி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் விமான நிலையம். பலாலியிலிருந்து சென்னைக்குப் பறப்பு உண்டு. 2025 மார்ச் கடைசியிலிருந்து திருச்சிக்கும் இண்டிகோ விமானம் ஓடத் தொடங்கியது. நம்முடைய பயணத்துக்குத் திருச்சிதான் வாய்ப்பு. அங்கிருந்து திண்டுக்கல், தேனி வழியாகக் கம்பம் போய்ச்சேர பஸ்ஸில் அரை நாளுக்கு மேல் ஆகாது. சென்னையில் இறங்கினால் இன்னொரு முழு இரவுப் பயணம் இருக்கிறது.

கொழும்பிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் உண்டு. வவுனியாவுக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு அது சரிவரலாம். மதுரையில் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் தேனி, கம்பம், குமுளி பஸ்கள் நிற்கும். காங்கேசன்துறை நாகபட்டினக் கப்பலில் சாமான் கூடக் கொண்டுபோகலாம். ஆனால் கடல் குழம்பினால் ஓடாது. ஒரே ஒரு நாளுக்காகப் போகும் பயணத்தில் நான் கப்பலை நம்பமாட்டேன்.

இந்தியாவுக்குள் நுழையும் வெளிநாட்டவர் இப்போது வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். புறப்படுவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் செய்துவிடுங்கள்.

மதுரை வழியாகப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அழகர் வைகை ஆற்றில் இறங்குவதும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித்தான். அந்த நாட்களில் மதுரையில் லொட்ஜ் அறை கிடைக்காது, பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, பாதைகளைத் திருப்பி விடுவார்கள். தேனிக்கும் கம்பத்துக்கும் இடையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் சில வருடங்களில் அதே கிழமையில் விழும். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே கம்பம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அழகரையும் பார்க்கலாம், கண்ணகியையும் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் இரண்டும் தவறும்.

எங்கே தங்குவது

கம்பம், கூடலூர், குமுளி மூன்றும் பக்கம் பக்கம். நடந்து ஏறுகிறவர்களுக்குக் கம்பமோ கூடலூரோ நல்லது. ஜீப்பில் போகிறவர்களுக்குக் குமுளி. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் லொட்ஜ்காரர் அதை அரசுக்கு இணையத்தில் பதிய வேண்டும். சின்ன லொட்ஜுகளில் பலர் அதற்குப் பஞ்சிப்பட்டு, இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் “ரூம் இல்லண்ணே” என்று சொல்லிவிடுவார்கள். பேச்சில் யாழ்ப்பாணமா என்று கண்டுபிடித்துத் தேத்தண்ணி வாங்கித் தரும் அதே ஆள்தான் அறையும் இல்லை என்பார். கோபப்பட்டுப் பயனில்லை. வெளிநாட்டவரை ஏற்பீர்களா என்று போனில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு முன்பதிவு செய்யுங்கள். குமுளி சுற்றுலா ஊர் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

கம்பம் பள்ளத்தாக்கை நம் ஊர்க் கமக்காரர் ஒருநாள் சும்மா சுற்றிப் பார்க்க வேண்டும். திராட்சைப் பந்தல், வாழை, இருபோக நெல். எல்லாம் 1895 இல் ஆங்கிலேயப் பொறியியலாளர் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீர். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். இரணைமடுவில் வான் பாயும்போது கடலுக்குப் போகும் தண்ணீரைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு அது புரியும். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஏறுவதற்கு முதல் நாள் பின்னேரம் அங்கே போனால் அடுத்தநாள் தொடங்கும் இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

நடையா, ஜீப்பா

இரண்டு பாதைகள். குமுளியிலிருந்து காட்டு வழியாக ஜீப் போகிறது, ஏறத்தாழ 14 கிலோமீற்றர். அனுமதி பெற்ற ஜீப்புகளை மட்டும்தான் விடுவார்கள். வெள்ளணவே வரிசை தொடங்கிவிடும். கட்டணத்தை நிர்வாகம் நிர்ணயித்து அறிவிக்கும், அதற்கு மேல் கொடுக்க வேண்டாம். பாதை என்று சொல்வது கிடங்கும் கல்லும்தான். ஜீப்பில் போகிறவர்களுக்குக் காலுக்குப் பதில் இடுப்பு நோகும். பொறுமையிருந்தால் இதே வழியில் நடக்கவும் செய்யலாம், ஆனால் தூரம் அதிகம், ஜீப் கிளப்பும் புழுதி முழுக்க நம் மூக்கில்.

மற்றது தமிழ்நாட்டுப் பக்கப் பாதை. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்புக்குப் பக்கத்தில் பளியன்குடி என்று பளியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று உண்டு. அங்கிருந்து உச்சி வரை ஆறரைக் கிலோமீற்றர் சொச்சம். தூரத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை போலத் தெரியும். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 800 மீற்றர் உயர வேண்டும். மாங்குளத்தில் ஒரு மேட்டைக் கண்டாலே மலை என்று சொல்லும் நமக்கு அது சின்ன விடயம் இல்லை.

என்னைக் கேட்டால், முழங்கால் இடங்கொடுக்கும் எவரும் பளியன்குடி வழியாக நடக்க வேண்டும். கண்ணகி ஏறிய மலை என்று சொல்லிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டு, ஜீப்பில் குலுங்கிப் போய் இறங்குவதில் என்ன இருக்கிறது? வயதான அம்மாமாரும் இருதய நோயாளரும் ஜீப்பில் போகட்டும், அவர்களுக்கு அது சரி. குடும்பமாகப் போனால் இரண்டு பகுதியாகப் பிரிந்து மேலே சந்திக்கலாம். மேலே போன் வேலை செய்யும் என்று நம்பாமல், எத்தனை மணிக்கு, எந்தச் சன்னிதிக்கு முன்னால் என்று கீழேயே பேசிவையுங்கள். நடந்து ஏறிவிட்டு ஜீப்பில் இறங்கலாம் என்ற எண்ணத்தோடும் போகாதீர்கள். ஏற்றிவந்த ஆட்களைத்தான் ஜீப்காரர் திரும்ப ஏற்றுவார்.

உடம்பைத் தயார்ப்படுத்துவது

கதிர்காமப் பாதயாத்திரை நடந்தவர்களுக்குத் தூரம் பழக்கம், ஏற்றம் பழக்கமில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் நாலு நாள் குளக்கட்டில் வேகமாக நடவுங்கள். அணைக்கட்டின் சரிவில் ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் முழங்கால் பிடிக்கும். பௌர்ணமிக்கு முதல் மாதம் ஒருநாள் மிகிந்தலைப் படிகளை ஏறிப் பார்க்கலாம், வவுனியாவிலிருந்து காலையில் போய்ப் பின்னேரம் வந்துவிடலாம். சிவனொளிபாதமலை ஏறியவர்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே படி இருக்கிறது, இரவுக் குளிரில் ஏறுகிறோம். இங்கே படியும் இல்லை, சித்திரை வெயிலும் முதுகில்.

ஏறும் நாள்

அண்மைய வருடங்களில் காலை 6 மணியிலிருந்து பிற்பகல் 2.30 வரைதான் மேலே விட்டார்கள். பொழுது படுவதற்கு முன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும், இரவு தங்க அனுமதி இல்லை. வாசல் திறக்கும்போது நீங்கள் பளியன்குடியில் நிற்க வேண்டும். கம்பத்திலிருந்து அன்றைக்கு விசேட பஸ்கள் விடுவார்கள். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு புல்வெளிப் பகுதியில் நிழல் கிடையாது.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்ரிக் போத்தல், பொலித்தீன் பை, மது, மாமிச உணவு எதுவும் கூடாது. தண்ணீருக்கு எவர்சில்வர் போத்தல் கொண்டுபோங்கள், ஆளுக்கு இரண்டு லீற்றர். இடையிடையே இரண்டு நிர்வாகமும் தண்ணீரும் முதலுதவியும் வைத்திருப்பார்கள், ஆனால் தேவைப்படும் இடத்தில் அது இருக்கும் என்றில்லை. ஊரிலிருந்து ஜீவனிப் பக்கற் நாலைந்து, வறுத்த கச்சான், பேரீச்சம்பழம். புளிச்சோறு கட்டினால் வாழையிலையில் கட்டுங்கள். நீரிழிவுக்காரர் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், விரதமென்று வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம். கடவுச்சீட்டும் வீசா அச்சுப் பிரதியும் நனையாத உறையில் உடம்போடு இருக்கட்டும்.

காலுக்குப் பிடிப்புள்ள சப்பாத்து. பாட்டாச் செருப்போடு ஏறுகிறவர்களைக் காண்பீர்கள், அவர்கள் அந்த மலையடிவார ஊர்க்காரர். தொடக்கத்தில் மரங்களுக்குள் போகும் பாதையில் உருளும் கல்லும் வேரும் அதிகம். ஒரு கல்லில் காலை வைத்து, அது ஆடாது என்று தெரிந்த பிறகே மற்றக் காலைத் தூக்குங்கள். கையில் ஒரு தடி நிறைய உதவும். முதல் நாள் மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும். ஒரு துணியில் உப்பைக் கட்டி வைத்துக்கொண்டு ஒற்றினால் விழுந்துவிடும், பிய்த்து இழுக்காதீர்கள். கூட்டத்தோடு நடவுங்கள். குறுக்கு வழி என்று யாராவது கூப்பிட்டால் போக வேண்டாம். ஆனை நடமாடும் காடு அது, வன்னியாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கியதும் காற்று மாறும். திரும்பிப் பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும். அங்கிருந்து கோயில் கிட்ட என்று தோன்றும், ஆனால் இன்னும் ஏற்றம் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு மூச்சு வாங்கி உட்காருகிறார்கள். மெதுவாகப் போங்கள்.

மேலே

வற்றாப்பளையைப் போலக் கோபுரமும் மண்டபமும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். சுண்ணாம்பு பூசாத கருங்கல் சுவர், சரிந்த தூண், கூரை போன சன்னிதி. அடுக்கிய கல் ஒன்றிரண்டு நகர்ந்து, இடுக்கில் புல் முளைத்திருக்கும். சுவரில் பழைய தமிழ்க் கல்வெட்டு எழுத்துகளை விரல் வைக்காமல் பாருங்கள், ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. தமிழ்நாட்டுப் பூசகரும் கேரளப் பூசகரும் தனித்தனியே பூசை செய்வார்கள். இரண்டு வரிசையிலும் நிற்கலாம். கண்ணகிக்கு அன்றைக்கு மட்டும் பூவாலும் பட்டாலும் அலங்காரம். பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதமாகக் கிடைக்கும், அன்னதானமும் உண்டு. கற்பூரம், விளக்கு, பொங்கல் பானை என்று நீங்களாக நெருப்பு மூட்டாதீர்கள். காய்ந்த புல்மலை அது.

கல் நட்டு ஒருவரை நினைப்பது எப்படியென்று நந்திக்கடலோரத்து மனிதருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கூட்டத்தில் கொஞ்சம் ஒதுங்கி நிற்க இடம் கிடைத்தால் நில்லுங்கள்.

ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். சித்திரையில் பின்னேரம் இடிமழை வரும். மொட்டைப் புல்வெளியில் மின்னலுக்கு ஒதுங்க ஒன்றுமில்லை. இறங்கும்போது அடியைச் சின்னதாக வைத்து, பாதத்தைக் குறுக்காக ஊன்றி இறங்கினால் முழங்கால் தப்பும்.

திரும்பும்போது

அடுத்த நாளே விமானம் போடாதீர்கள், தொடை பிடித்துக்கொண்டு படியிறங்க முடியாமல் இருக்கும். கம்பத்திலிருந்து கிட்டவாகச் சுருளி அருவி இருக்கிறது, தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போய்க் குளிக்கலாம். குமுளியில் ஏலக்காயும் மிளகும் வாங்கலாம், வாசனையைப் பார்த்து வாங்குங்கள், பச்சை நிறத்தை மட்டும் பார்க்காமல். கம்பத்துப் பன்னீர்த் திராட்சையைக் கண்டதும் நம்மவர் பலருக்கு ஒரு கொடித்தண்டை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து கிணற்றடியில் நட்டால் என்ன என்று தோன்றும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடியோ தண்டோ கொண்டுவர முடியாது, பலாலியில் பிடித்தால் பறித்துவிடுவார்கள். அந்த ஆசை இருப்பவர்கள் யாழ்ப்பாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் கன்று கேட்டு வாங்கட்டும்.